மின்சார மீட்டருக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

புனே நகரின் பல பகுதிகளைப் போலவே ஔந்த்திலும் வீட்டுச் சுவர்களில் இருந்த மின்சார மீட்டர்கள் மாறி வருகின்றன. "யாரைக் கேட்டு மாற்றுகிறார்கள்? இனி பில் ஏறுமா?" என்று குடித்தனக்காரர்கள் கேட்கிறார்கள். மீட்டர் பொருத்த வரும் ஊழியரிடம் இதற்கு முழுப் பதில் இருப்பதில்லை.

இந்த விவகாரம் மகாராஷ்டிராவில் அரசியல் பிரச்சினையாகவே வெடித்தது. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டர்களைப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2021-ம் ஆண்டில் அறிவித்தது. முதலில் பணம் கட்டு, பிறகு மின்சாரம் எடு என்பது அதன் ஏற்பாடு. எதிர்ப்பு வலுத்தது. சாதாரண நுகர்வோருக்கு இந்த பிரீபெய்டு மீட்டர் பொருத்தப்படாது என்று, அப்போது துணை முதலமைச்சராகவும் மின்துறைப் பொறுப்பிலும் இருந்த தேவேந்திர ஃபட்னவிஸ் 2024 ஜூனில் அறிவித்தார். பின்னர் மகாவிதரண் நிறுவனம் டி.ஓ.டி. மீட்டர் என்ற பெயரில் வேறு வகையைப் பொருத்தத் தொடங்கியது. எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்று இது குறித்து வைக்கும். பில் வழக்கம்போல் மாதம் முடிந்த பிறகே வரும்.

இந்தச் சச்சரவில் எல்லாரும் மீட்டரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தே வாதாடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதும் சிறிய சிப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வீட்டுக்காரருடைய காசும், நாட்டின் அன்னியச் செலாவணியும், படித்த பிள்ளைகளின் வேலையும் அந்தச் சிப்பில்தான் அடங்கியிருக்கின்றன.

இரண்டே வேலைகள்

மீட்டருக்குள் இருக்கும் சிப் இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதல் வேலை அளப்பது. கம்பியில் வரும் மின் அழுத்தமும் மின்னோட்டமும் அலைபோல் ஏறி இறங்குபவை. அவற்றை அந்தந்தக் கணத்தில் பிடித்து எண்ணாக மாற்ற வேண்டும். இரண்டாவது வேலை கணக்கிடுவது. அழுத்தத்தின் எண்ணை ஓட்டத்தின் எண்ணால் பெருக்கினால் அந்தக் கணத்தின் வாட் கிடைக்கும். ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை இப்படிப் பெருக்கி, விடைகளைக் கூட்டிக்கொண்டே போனால் யூனிட் வரும்.

அளப்பது எப்படி? ஒரு முறை, தராசு முறை. 8, 4, 2, 1 என்று நான்கு படிக்கற்கள் இருக்கின்றன. பொருளின் எடை 11. முதலில் 8 வைக்கிறார்கள். பொருள் இன்னும் கனமாக இருக்கிறது, 8 நிற்கட்டும். அடுத்து 4 வைத்தால் 12 ஆகிவிடும், அதிகம், எடுத்துவிடு. 2 வைத்தால் 10, நிற்கட்டும். 1 வைத்தால் 11; சரி. நின்றது 1, எடுத்தது 0 என்று எழுதினால் 1011 என்ற எண் வந்துவிடுகிறது. நான்கே நிறுவையில் பதினாறு அளவுகளைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

மின்சார மீட்டர்களில் அதிகமாகப் பயன்படுவது இன்னொரு முறை. அது மளிகைக் கடைக்காரரின் வழி. தினமும் 10 ரூபாய் 30 காசுக்குச் சாமான் வாங்குபவர் இருக்கிறார். கடைக்காரரிடம் சில்லறை இல்லை. ஒரு நாள் 10 ரூபாய் வாங்குவார்; மிச்சக் காசை மறுநாள் கணக்கில் சேர்ப்பார்; பாக்கி ஒரு ரூபாயை எட்டும் அல்லது தாண்டும் நாளில் 11 வாங்குவார். எந்த ஒரு நாளும் கணக்கு சரியாக இராது. பத்து நாள் முடிவில் 103 ரூபாய் துல்லியமாக வந்திருக்கும். 'சிக்மா டெல்டா' என்று என்ஜினீயர்கள் சொல்லும் முறை இதுதான். ஒவ்வோர் அளவையும் முரட்டுத்தனமாக எடுத்து, பாக்கியை விடாமல் அடுத்ததில் சேர்த்து, லட்சக்கணக்கான அளவுகளின் சராசரியில் துல்லியம் காண்கிறார்கள்.

குமாஸ்தாவின் தந்திரம்

கணக்கிடும் பகுதியில் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த பழைய தொல்லைகளே இருக்கின்றன. 999-உடன் 1 கூட்டினால் ஒவ்வோர் இடத்திலும் மீதி ஏறிக்கொண்டே போகும். முந்தைய இடத்தின் மீதி தெரியாமல் அடுத்த இடத்தை முடிக்க முடியாது. சிப்புக்குள்ளும் அதே காத்திருப்பு. மீதி வருமா வராதா என்பதை முன்கூட்டியே கண்டறியும் சுற்றுகளை அமைத்து இந்தத் தாமதத்தைக் குறைக்கிறார்கள். அப்படிச் செய்தால் உறுப்புகள் கூடும். மின்சாரச் செலவும் கூடும்.

பெருக்கலிலும் இப்படியே. ஒரு சட்டை 250 ரூபாய் என்றால் 99 சட்டைக்கு என்ன விலை என்று கேட்டால், அனுபவமுள்ள குமாஸ்தா 99 முறை கூட்டுவதில்லை. நூறு சட்டைக்கு 25,000, அதில் ஒரு சட்டை விலை கழித்தால் 24,750 என்று உடனே சொல்வார். ஆண்ட்ரூ பூத் என்ற ஆங்கில விஞ்ஞானி 1951-ல் இதே வழியை இயந்திரக் கணக்குக்கு எழுதி வைத்தார். இன்றும் சிப் வடிவமைப்பாளர்கள் அதைக் கையாளுகிறார்கள். கூட்டல்களின் எண்ணிக்கை குறைந்தால் செலவும் குறையும் என்பதே காரணம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது எப்படி?

இன்றைய சிப்புகளில் பெரும்பாலானவை 'சீமாஸ்' என்ற அமைப்பில் செய்யப்படுகின்றன. அமெரிக்காவில் ஃபிராங்க் வான்லாஸ் என்பவர் 1963-ல் இதைக் கொண்டுவந்தார். இதன் சூட்சுமம் எளிது. ஒரு தொட்டிக்கு மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். மேல்குழாய் திறந்திருந்தால் கீழ்க்குழாய் மூடியிருக்கும். கீழ்க்குழாய் திறந்தால் மேல்குழாய் மூடும். ஆகவே தண்ணீர் வீணாக ஓடுவதில்லை. தொட்டியை நிரப்பி, காலி செய்யும்போது மட்டுமே செலவு. சும்மா இருக்கும்போது ஏறக்குறைய ஒன்றும் செலவில்லை. எழுபதுகளில் கைக்கடிகாரமும் கால்குலேட்டரும் சிறிய பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடத் தொடங்கியது இதனால்தான்.

இந்தச் செலவு எதைப் பொறுத்தது? தொட்டியின் அளவு, எத்தனை முறை நிரப்புகிறோம் என்பது, இவற்றோடு மின் அழுத்தம். இதில் அழுத்தம்தான் முக்கியம். செலவு அழுத்தத்தின் வர்க்கப்படி ஏறுகிறது. 5 வோல்ட்டை 2.5 ஆகப் பாதியாக்கினால் ஒவ்வொரு முறையும் ஆகும் செலவு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அழுத்தம் குறைந்தால் சிப்பின் வேகமும் குறையும். அழுத்தத்தைத் தாங்கி நிறுத்தும் அளவையும் கீழே இறக்கினால், மூடிய குழாயிலும் சொட்டுச் சொட்டாகக் கசிவு ஏற்படும்.

வேகம் குறையாமல் அழுத்தத்தைக் குறைக்க வழி உண்டா? இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். அனந்தா சந்திரகாசன், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, சாமுவேல் ஷெங், ராபர்ட் பிராடர்சன் ஆகியோருடன் சேர்ந்து 1992-ல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அவர்கள் சொன்ன யோசனை தொழிலாளிகளுக்கு உடனே விளங்கும். ஓர் ஆளை முழு வேகத்தில் விரட்டுவதற்குப் பதிலாக, இரண்டு ஆட்களைப் பாதி வேகத்தில் வேலை செய்யவிடு. மொத்த வேலை அதே நேரத்தில் முடியும். யாருக்கும் மூச்சு வாங்காது.

கூட்டிப் பார்த்து ஒப்பிடும் ஒரு சுற்றை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள். அழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 2.9 வோல்ட்டுக்கு இறங்கியது. மின்செலவு 100-லிருந்து 36 ஆகக் குறைந்தது. பதிலுக்குச் சிப்பில் பிடிக்கும் இடம் மூன்று மடங்குக்கு மேல் ஆயிற்று. இடத்தைக் கொடுத்து மின்சாரத்தை மிச்சம் பிடித்தார்கள். சந்திரகாசன் 2025 ஜூலையில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் புரோவோஸ்ட் பதவியை ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

சிறு துளி, பெரு வெள்ளம்

ஒரு மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அற்பமானது, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெரியும். 25 கோடி மீட்டர்களில் ஒவ்வொன்றும் ஒரு வாட் மிச்சம் பிடித்தால் மொத்தம் 250 மெகாவாட். வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் உள்ள ஒரு யூனிட்டின் திறன் 210 மெகாவாட்தான். மீட்டருக்கு இரவு பகல் ஓய்வில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 219 கோடி யூனிட் ஆகிறது. அளக்கும் சிப் மட்டும் எடுப்பது மில்லிவாட் கணக்கில்தான். செய்தி அனுப்பும் பகுதியும் மின்வழங்கிப் பகுதியுமே அதிகம் எடுக்கின்றன. ஆனால் சிப் எவ்வளவு சிக்கனமாக இருக்கிறதோ, அதற்குத் தீனி போடும் பகுதியையும் அவ்வளவு சிறிதாகச் செய்ய முடியும்.

மின்தடை நேரத்தைப் பார்த்தால் சிக்கனத்தின் அவசியம் இன்னும் தெளிவாகும். கரண்ட் போனாலும் மீட்டருக்குள் கடிகாரம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நேரத்தைப் பார்த்துப் போடும் பில் தப்பாகிவிடும். அப்போது சிப் சிறிய பேட்டரியை நம்பியிருக்கிறது. 1,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர் மட்டும் எடுத்தால் 1,20,000 மணி நேரம், அதாவது 13 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். 100 மைக்ரோ ஆம்பியர் எடுத்தால் 12,000 மணி நேரம், ஒன்றேகால் ஆண்டு சொச்சம். பேட்டரி தானாகத் தேய்வதை இதில் சேர்க்கவில்லை. நல்ல வடிவமைப்புக்கும் சுமாரான வடிவமைப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பில் விஷயத்தில் நுகர்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமை ஒன்றும் இருக்கிறது. மீட்டர் காட்டும் அளவில் சந்தேகம் என்று புகார் கொடுத்தால், ஐந்து நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் திருத்தம் செய்யப்பட்டது. புகாரை வாயால் சொல்வதைவிட எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குவதே நல்லது.

சிப் யாருடையது?

இந்தியாவில் மீட்டர் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. பெட்டி இங்கே செய்யப்படுகிறது, பூட்டுவதும் இங்கேதான். உள்ளே அளந்து கணக்கிடும் சிப் மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பு. இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. உலகின் சிப் வடிவமைப்பு என்ஜினீயர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்று மத்திய அரசே அடிக்கடி கூறுகிறது. பெங்களூரிலும் அய்தராபாத்திலும் சென்னையிலும் புனேயிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் வரையும் படத்தின் உரிமை வேறு நாட்டில் இருக்கும் முதலாளியுடையது.

இதன் விளைவை 2021-ல் நாடு அனுபவித்தது. உலகம் முழுவதும் சிப் தட்டுப்பாடு ஏற்பட்டு, மாருதி, மகிந்திரா போன்ற நிறுவனங்கள் அந்த ஆண்டு செப்டம்பரில் கார் உற்பத்தியைக் குறைத்தன. ஆலை இருந்தது, ஆள் இருந்தார்கள், இரும்பு இருந்தது. விரல் நகம் அளவுள்ள சிப் இல்லாததால் ஓட்டம் நின்றது. ஷிப்ட் குறைந்தால் முதலில் அடிபடுவது ஒப்பந்தத் தொழிலாளி என்பதைச் சாக்கன், பிம்ப்ரி வட்டாரத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஔந்த் அருகே ஓர் அலுவலகம்

அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது. அதில் ஒரு பகுதி, உள்நாட்டு வடிவமைப்பு நிறுவனங்களுக்கான ஊக்கத் திட்டம். தகுதியான செலவில் பாதியை, 15 கோடி ரூபாய் வரை, அரசு கொடுக்கும். சிப் சந்தைக்கு வந்த பிறகு விற்பனையைப் பொறுத்து ஐந்து ஆண்டுகளில் 30 கோடி வரை ஊக்கத்தொகையும் உண்டு.

இத்திட்டத்தை நடத்தும் பொறுப்பு சி-டாக் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் தலைமையகம் ஔந்த்துக்குப் பக்கத்திலேயே பாஷாண் பஞ்சவடியில் இருக்கிறது. கணேஷ்கிண்ட் பல்கலைக்கழக வளாகத்தில் வளர்ந்த நிறுவனம் இது. அமெரிக்கா தனது கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்த காலத்தில், 1988-ல் சி-டாக் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000' கம்ப்யூட்டரைச் செய்து காட்டியது. அப்போதும் உள்ளே இருந்த சிப் வெளிநாட்டுடையதுதான். அந்தக் குறையைத் தீர்ப்பதே இப்போதைய வேலை.

வேலை எந்த அளவில் இருக்கிறது? 2025 ஆகஸ்டு வரை 23 வடிவமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரப்பட்டதாக அரசு தெரிவித்தது. கண்காணிப்பு கேமரா, மின்சார மீட்டர் ஆகியவற்றுக்கான சிப்புகளும் அவற்றில் அடங்கும். மீட்டர் சிப் பட்டியலில் இடம் பெற்றது சரியான திசையில் ஓர் அடி.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 23 திட்டங்களும் உச்ச வரம்பு வரை, தலா 45 கோடி பெற்றாலும் மொத்தம் 1,035 கோடிதான். குஜராத்தில் தோலேராவில் டாட்டா நிறுவனம் தைவான் நிறுவனத்துடன் சேர்ந்து அமைக்கும் ஒரே ஓர் ஆலையின் மதிப்பு 91,000 கோடி ரூபாய். ஆலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஆலை என்பது அச்சகம் போன்றது. அச்சடிக்க நம்முடைய புத்தகம் இல்லாவிட்டால், அச்சகம் அயலார் புத்தகத்தையே கூலிக்கு அச்சடித்துக்கொண்டிருக்கும்.

பழைய தொழில்நுட்பமே போதும்

இங்கேதான் மீட்டர் சிப் போன்றவற்றின் முக்கியத்துவம் இருக்கிறது. செல்போன் சிப்புகளுக்கு 3 நானோமீட்டர் போன்ற மிக நுண்ணிய தொழில்நுட்பம் தேவை. அதற்கு உலகிலேயே ஓரிரு நிறுவனங்களிடம் கையேந்த வேண்டும். அளந்து எண்ணாக மாற்றும் சுற்றுகளுக்கு அது தேவையில்லை. அழுத்த அலைகளைப் பிடிக்கும் வேலைக்குப் பழைய, சற்றுப் பெரிய அளவுள்ள தொழில்நுட்பமே பல சமயம் பொருத்தமானது. கசிவு குறைவு, செலவும் குறைவு.

பஞ்சாபில் மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் இருக்கிறது. 1989-ல் தீ விபத்தில் பெரும் சேதம் அடைந்து, மீண்டும் எழுந்த ஆலை அது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' வரிசைச் சிப் ஒன்று 2018-ல் அங்கேதான் தயாரிக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் 'அஜித்' சிப் மறு ஆண்டே அங்கிருந்து வெளிவந்தது. தோலேரா ஆலைக்குத் திட்டமிடப்பட்டிருப்பதும் 28 முதல் 110 நானோமீட்டர் வரையிலான தொழில்நுட்பம். ஆகவே மீட்டர், மின்விசிறி, மருத்துவக் கருவி, வாகனம் ஆகியவற்றுக்கான சிப்புகளே இந்த ஆலைகளுக்கு ஏற்ற சரக்கு. 25 கோடி மீட்டர் என்ற சந்தையும் உள்நாட்டிலேயே காத்திருக்கிறது.

தடை எங்கே என்றால், வாங்குபவரிடம். புதிய கம்பெனியின் சிப்பை முதலில் வாங்க மீட்டர் நிறுவனங்கள் தயங்குகின்றன. பத்து ஆண்டு உத்தரவாதம் கொடுக்க வேண்டிய பொருளில் பரீட்சை பார்க்க யாரும் விரும்புவதில்லை. இதை மானியம் மட்டும் தீர்க்காது. மின் வாரியங்கள் டெண்டரில், சோதனையில் தேறிய உள்நாட்டுச் சிப்புக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் தயக்கம் தீரும். முதல் சில லட்சம் மீட்டர்கள் ஓடிக் காட்டிவிட்டால், மற்றவர்கள் தாமாகவே வருவார்கள்.

பிள்ளைகளுக்கு வழி

சிப் வேலை என்றதும் பல பெற்றோர் ஆசையோடு விசாரிக்கிறார்கள். வடிவமைப்பு வேலைக்கு எலக்ட்ரானிக்ஸ் பி.இ. அடிப்படை, அளக்கும் சுற்றுகளின் பிரிவில் நுழைய பெரும்பாலும் எம்.டெக். கேட்கிறார்கள். ஔந்த் அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் தொழில் கற்றவர்களுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் சோதனை, பேக்கிங், மின்பலகை பூட்டுதல், மீட்டர் பழுதுபார்த்தல் ஆகிய பகுதிகளில் இடம் இருக்கிறது.

மத்திய அரசின் இன்னொரு திட்டம் 85,000 என்ஜினீயர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இலக்காகக் கொண்டது. கோடிக்கணக்கில் விலையுள்ள வடிவமைப்பு மென்பொருளை அதன் கீழ் கல்லூரிகளுக்குக் கிடைக்கச் செய்கிறார்கள். மாணவர்கள் வரைந்த சிப்புகள் மொகாலியில் உருவாகி அவர்கள் கைக்கே வந்திருக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கப்போகும் கல்லூரி இத்திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்பது, கட்டடத்தின் உயரத்தைப் பார்ப்பதைவிட உபயோகமானது.

மூன்று மாதத்தில் சிப் வேலை நிச்சயம் என்று கூறிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக்கூடங்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கடன் வாங்கிப் பணம் கட்டுவதற்கு முன், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் என்.பி.டி.இ.எல். மூலம் இலவசமாக வழங்கும் பாடங்களைப் பிள்ளை பார்க்கட்டும். தேர்வு எழுத மட்டுமே கட்டணம். பாடத்தில் மனம் ஒட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் தொடரும். அது நடக்க வேண்டிய வாதமே. ஆனால் எந்தப் பெயரில் வந்தாலும் மின்னணு மீட்டர் இருக்கப்போகிறது. அதற்குள் ஒரு கணக்குப்பிள்ளை இரவு பகலாகக் கணக்கு எழுதப்போகிறான். நம் வீட்டுக் கணக்கை எழுதுபவன் யார், அவன் கணக்கை யார் சரிபார்ப்பது, அவன் சம்பளம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்க வேண்டிய நேரம் இது. கேள்வி கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. விடையை உண்டாக்கும் திறமை அவர் வீட்டுப் பிள்ளைகளிடமே இருக்கிறது.